அரிசித் தட்டை விற்ற காசில் ஓடும் ரயில்: சோஷி பாதையின் வரலாறு

கேள்வி இது: "ஜப்பானில் ஒரு ரயில் கம்பெனி தின்பண்டம் விற்றுத்தான் பிழைக்கிறது என்கிறார்களே, உண்மையா? அந்தப் பாதையின் வரலாறு என்ன?"

உண்மைதான். சீபா மாநிலத்தில், தோக்கியோவுக்குக் கிழக்கே, தோனே ஆறு பசிபிக் கடலில் விழும் இடத்தில் சோஷி என்ற மீன்பிடித் துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே ஓடும் சோஷி மின்ரயிலைத்தான் சொல்கிறார்கள். மொத்த நீளம் 6.4 கிலோமீட்டர், பத்து ஸ்டேஷன், ஒற்றைத் தண்டவாளம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 20 நிமிடம். இணையத்தில் சுற்றும் கதை "மக்கள் அன்பால் பிழைத்த ரயில்" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பணம் எதற்காக, ஏன் அந்த நேரத்தில் தேவைப்பட்டது என்று பார்த்தால்தான் இந்தப் பாதையின் வரலாறு விளங்கும். பயணிகள் குறைவது சின்ன ரயில் கம்பெனியை மெல்ல மெல்லத்தான் இளைக்க வைக்கும். ஒரே நாளில் படுக்க வைப்பது பெட்டியின் பரிசோதனைக் கெடுதேதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாதையின் முதல் பிறவி 1913 டிசம்பரில். நிறுவனத்தின் பெயரே "சோஷி உல்லாசப் பயண ரயில்வே" என்ற பொருளில் இருந்தது. சோஷியிலிருந்து இனுபோ முனை வரை 5.9 கிலோமீட்டர். அந்த முனையில் 1874-ல் பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் ஹென்றி பிரன்டன் கட்டிய கலங்கரை விளக்கம் இருந்தது. கடல் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பித்தான் பாதை போட்டார்கள். கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டு இரும்பு விலை எகிறியது. ரயில் ஓட்டிச் சம்பாதிப்பதைவிடத் தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றால் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். 1917 நவம்பரில் மூடிவிட்டார்கள். முழுசாக நான்கு வருடம்கூட ஆகவில்லை.

தண்டவாளம் போனாலும் அதற்கு அடியில் போட்ட மண்மேடு அப்படியே கிடந்தது. அதை வீணாக விட உள்ளூர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. 1922-ல் புதிய கம்பெனி தொடங்கி, 1923 ஜூலையில் அதே தடத்தில் மறுபடி ரயில் விட்டார்கள். இந்த முறை கடைசி ஸ்டேஷனை தோகாவா என்ற மீனவர் குடியிருப்பு வரை நீட்டினார்கள். என் பார்வையில் இந்தப் பாதையின் வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான முடிவு இதுதான். உல்லாசப் பயணி ஞாயிற்றுக்கிழமை வருவார், மழை என்றால் வர மாட்டார். மீனும் ஊர்க்காரரும் தினமும் போய் வந்தாக வேண்டும். 1925-ல் பாதை மின்மயமானது. மின்னழுத்தம் 600 வோல்ட் நேர்மின்சாரம், கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம், 1067 மில்லிமீட்டர். நூறு வருடமாகியும் இரண்டும் மாறவில்லை. பின்னால் பழைய பெட்டி வாங்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களும் குறுக்கே வந்து நிற்கும்.

சோஷியின் இன்னொரு பிழைப்பு சோயா சாஸ். ஹிகேத்தா 1616-லும் யமாசா 1645-லும் தொடங்கிய பழைய ஆலைகள். சோஷிக்கு அடுத்த ஸ்டேஷனான நகனோச்சோ யமாசா ஆலைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. பிளாட்பாரத்தில் இறங்கினாலே புளித்த சோயாவின் வாசனை மூக்கில் ஏறும். ஆலைச் சரக்கை ஜப்பான் தேசிய ரயில்வேயின் பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல காலம் இந்தக் குட்டிக் கம்பெனியின் வேலையாக இருந்தது. அதற்கு உழைத்த இன்ஜின் தேக்கி 3. ஜெர்மனியின் ஏஇஜி கம்பெனி 1922-ல் செய்தது. முதலில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு 1941-ல் சோஷிக்கு வந்தது. நடுவில் ஒரு டிரைவர் கூண்டு, முன்னும் பின்னும் சரிவாக இறங்கும் மூக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய இன்ஜினின் பொம்மை என்று நினைப்பீர்கள். 1945 ஜூலை விமானத் தாக்குதலில் சோஷி நகரம் எரிந்தபோது ரயில் பாதையும் அடிவாங்கியது. 1948-ல் "சோஷி மின்ரயில்" என்ற பெயரில் இன்றைய கம்பெனி உருவானது. 1960-ல் ஒரு பஸ் கம்பெனியின் கைக்குப் போனது. 1984-ல் சரக்கு வேலை முழுதாக நின்றது. லாரி வந்த பிறகு அது நடக்கத்தான் வேண்டியிருந்தது. அதோடு மழையோ வெயிலோ நிச்சயமாக வந்துகொண்டிருந்த வருமானம் போய், பயணிகள் மட்டும் மிஞ்சினார்கள்.

பயணிகள் கதையும் நல்ல கதை இல்லை. 1960-களில் 90,000 பேர் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 60,000-க்கும் கீழே. பள்ளிப் பிள்ளைகள்தான் மாதச் சீட்டு வாங்கும் முக்கிய வாடிக்கையாளர்கள். பிள்ளைகள் குறைந்தால் காலை வண்டி காலியாகும். அதற்கு எந்த விளம்பரமும் மருந்தில்லை.

தின்பண்டம் இப்படித்தான் உள்ளே வந்தது. 1976-ல் முதலில் தையாக்கி. மீன் வடிவ அச்சில் மாவு ஊற்றி, நடுவில் இனிப்புப் பயறு வைத்துச் சுடுவது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் தையாக்கியைப் பற்றிய ஒரு சிறுவர் பாட்டு நாட்டையே ஆட்டிப் படைத்தது. அந்த அலையில் ஸ்டேஷனில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். 1995-ல் நுரே செம்பே வந்தது. செம்பே என்பது நம் தட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, அரிசி மாவில் செய்து சுட்டது. "நுரே" என்றால் நனைந்த. வழக்கமாகச் சுட்டு, சோயா தடவி, மொறுமொறுவென்று காய விடுவார்கள். நுரே செம்பேயில் அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறும் முன்பே சோயாக் கலவையில் முக்கிவிடுவார்கள். சூடான தட்டையின் நுண்துளைகள் சாஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி காய விடாமல் அப்படியே பொட்டலம் கட்டுவார்கள். பல்லில் மெதுவாக ஒட்டும், உப்பு தூக்கலாக இருக்கும், மொறுமொறுப்பு எதிர்பார்த்தவர்களுக்கு முதல் கடியில் "நமுத்துப் போனதா" என்ற சந்தேகம் வரும். இந்தப் பண்டம் சோஷி ஊரில் முன்பே இருந்தது. கம்பெனி அதை எடுத்துப் பெரிய அளவில் விற்றது. சில ஆண்டுகளில் டிக்கெட் வருமானத்தையே மிஞ்சிவிட்டது.

இதற்கிடையில் 1990-ல் ஒரு கட்டுமான நிறுவனம் கம்பெனியை வாங்கியிருந்தது. கையில் காசு புழங்கிய காலம். ஸ்டேஷன்களை ஐரோப்பியப் பாணியில் திருப்பிக் கட்டினார்கள். கன்னோன் ஸ்டேஷன் சுவிஸ் மலை ரயில் மாதிரி, இனுபோ போர்ச்சுகீசியப் பாணி, சோஷி பிளாட்பாரத்தின் முனையில் டச்சுக் காற்றாலை. காற்றாலையின் இறக்கைகள் பிறகு சிதைந்து போய், கோபுரம் மட்டும் மொட்டையாக நின்றது. தாய் நிறுவனம் 1998-ல் திவாலானது. மோசமானது அதற்குப் பிறகு தெரிந்தது: அப்போதைய தலைவர் ரயில் கம்பெனியின் பெயரில் கடன் வாங்கிச் சொந்தத்துக்குத் திருப்பியிருந்தார். தொகை 10 கோடி யென்னுக்கு மேல். 2006-ல் அவர் கைதானார். விஷயம் வெளியே வந்ததும் மாநில அரசும் நகராட்சியும் மானியத்தை நிறுத்திவிட்டன. வங்கிகளும் கையை விரித்தன.

அந்த நேரத்தில்தான் பெட்டிப் பரிசோதனையின் தேதி வந்து நின்றது. ஜப்பானிய விதிப்படி ஒரு மின்ரயில் பெட்டிக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 6,00,000 கிலோமீட்டர் ஓடியதும், எது முதலில் வருகிறதோ அப்போது முக்கியப் பாகப் பரிசோதனை செய்ய வேண்டும். மோட்டார், சக்கரம், அச்சு, பிரேக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார்கள். எட்டு வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. பெட்டியையே தூக்கி, கீழே உள்ள சக்கர டிரக்கைப் பிரித்தெடுத்து, பாகம் பாகமாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, சோதனை ஓட்டம் விட்டுத்தான் திருப்பித் தருவார்கள். (நாம் "போகி" என்று பெட்டியைச் சொல்கிறோம், ரயில்காரர்கள் போகி என்பது இந்த டிரக்கை.) கெடுதேதி தாண்டினால் பெட்டி பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயணிகளை ஏற்றக் கூடாது.

இந்த விதி சின்ன பாதைக்கு எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். போக வர 12.8 கிலோமீட்டர். ஒரு பெட்டி நாளுக்குப் பத்து முறை போய் வந்தாலும் 128 கிலோமீட்டர்தான். வருடம் முழுதும் ஓய்வில்லாமல் ஓடினால் 46,720. ஆறு லட்சம் எட்டப் பதின்மூன்று வருடம் பிடிக்கும். ஆனால் நான்கு வருடக் கெடு எப்போதுமே முந்திக்கொள்ளும். நகரத்துப் பெட்டி ஓடி ஓடித் தேய்ந்த பிறகு கழற்றப்படுகிறது. சோஷிப் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடாமலே கழற்றப்படுகிறது. செலவு அதேதான். உப்புக் காற்றும் தன் பங்குக்கு இரும்பை அரிக்கிறது. கையிருப்பில் ஒரு சில பெட்டிகள்தான் என்பதால், ஒன்று பரிசோதனைக்குப் போய்த் திரும்பாவிட்டால் கால அட்டவணையே கிழிந்துவிடும்.

2006 நவம்பரில் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஓர் அவசர அறிவிப்பு வந்தது. ரயில் தொடர்ந்து ஓட நுரே செம்பே வாங்குங்கள், வண்டி பழுதுபார்க்கும் காசை நாங்கள் சம்பாதித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். விளம்பர நிறுவனம் எழுதியதில்லை என்பது வாசித்தாலே தெரிந்தது. அதனால்தான் எடுபட்டது என்று நினைக்கிறேன். சில வாரங்களுக்குள் பத்தாயிரத்துக்கும் மேல் ஆர்டர் குவிந்தது. சுட்டு முடிக்க முடியாமல் திணறினார்கள். ரயில் பிரியர்கள், ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆதரவுக் குழுவும் தொடங்கினார்கள்.

அதே மாதம் ரயில்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகமான கான்டோ போக்குவரத்துப் பணியகம் பாதுகாப்பு மேம்பாட்டு உத்தரவு போட்டது. கதை சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. பெட்டிகள் மட்டும் பழசில்லை. தண்டவாளமும் அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளும் சோர்ந்து போயிருந்தன. மரக் கட்டை உளுத்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன், கிராமப்புற ரயிலின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிப்பது ஆணி. கட்டை மழையில் ஊறி உள்ளே மக்கினால் ஆணிக்குப் பிடிப்பு போய்விடும். மேலிருந்து பார்த்தால் கட்டை நன்றாகத்தான் தெரியும். வளைவில் வண்டி போகும்போது சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு கட்டை மட்டும் மக்கியிருந்தால் பக்கத்துக் கட்டைகள் தாங்கிக்கொள்ளும். அடுத்தடுத்து நாலைந்து மக்கியிருந்தால் தண்டவாளம் பாரம் ஏறும் நேரத்தில் மட்டும் விலகும், வண்டி போனதும் திரும்பிவிடும். காலியான பாதையில் கேஜ் அளக்கும்போது அளவு சரியாகவே காட்டும். ஒருநாள் உள் பக்கச் சக்கரம் தண்டவாளத்துக்கு உள்ளே இறங்கிவிடும். ஜப்பானில் பல உள்ளூர்ப் பாதைகளில் இப்படி நடந்து, 2018-ல் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றித் தனியாகவே கருத்து வெளியிட்டது. தீர்வு கான்கிரீட் கட்டை. ஒரேயடியாக மாற்றக் காசில்லாத பாதைகளில் மூன்று நான்கு மரக் கட்டைக்கு ஒன்று என்று இடையிடையே கான்கிரீட் செருகுவார்கள். மரக் கட்டைகள் எல்லாம் ஒருசேர விட்டுக்கொடுத்தாலும் அந்த ஒன்று கேஜைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே தட்டைக் காசின் உண்மையான பலம் தெரியும். ஜப்பானில் உள்ளூர் ரயில்களின் பாதுகாப்பு வேலைக்கு மத்திய அரசு பொதுவாக மூன்றில் ஒரு பங்கு தரும், உள்ளூர் ஆட்சியும் ஒரு பங்கு போடும், மீதியைக் கம்பெனி போட வேண்டும். தன் பங்கைப் போட முடியாத கம்பெனிக்கு அரசுப் பணமும் கைக்கு வராது. ஆகவே செம்பே விற்றுக் கிடைத்த ஒரு யென், கட்டை மாற்றும் வேலைக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மூன்று யென்னாக முடியும். இன்னொன்று: 2000-க்குப் பிறகு ஜப்பானில் ரயில் பாதையை மூட அனுமதி வேண்டியதில்லை, ஒரு வருடம் முன்னால் அறிவிப்புக் கொடுத்தால் போதும். எத்தனையோ கம்பெனிகள் அந்த வழியில் போய்விட்டன. சோஷி போகவில்லை.

பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் புதுப் பெட்டி வாங்கும் வசதி இந்தக் கம்பெனிக்கு இல்லை. 1994-ல் வந்தவை தோக்கியோ சுரங்க ரயிலில் ஓடியவை. நீளம் 16 மீட்டர், மின்னழுத்தம் 600 வோல்ட், இரண்டும் பொருந்தின. ஆனால் அவை 1435 கேஜ், மின்சாரம் எடுப்பது பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து. ஆகவே சக்கர டிரக்கையே மாற்றி, கூரையில் மேல்கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் பொருத்த வேண்டியிருந்தது. 2010-ல் வந்த 2000 வரிசையின் பூர்வீகம் தோக்கியோவின் கெய்யோ பாதை, 1960-களின் தயாரிப்பு. கெய்யோவின் கேஜ் 1372, விசித்திரமான அளவு. ஆனால் அவை நேரே சோஷிக்கு வரவில்லை. நடுவில் 1980-களிலிருந்து ஷிகோகு தீவின் மட்சுயாமாவில் இயோ ரயில்வேயில் ஓடின. அங்கே ஏற்கெனவே 1067 டிரக் பொருத்தி, குறைந்த மின்னழுத்தத்துக்கும் மாற்றியிருந்தார்கள். சோஷிக்குத் தேவையான மாற்றம் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிட்டது. மூன்றாம் கைப் பெட்டியை வாங்கியது கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. 2016-ல் வந்த 3000 வரிசையும் இதே வழிதான், கெய்யோ, பிறகு இயோ, பிறகு சோஷி. 2024 மார்ச்சில் ஓடத் தொடங்கிய 22000 வரிசை ஒசாகா பக்கத்து நான்காய் ரயில்வேயில் மலைப் பாதைக்காகச் செய்தது. கேஜ் 1067 என்பதால் பிரச்சினையில்லை. 1500 வோல்ட்டிலிருந்து 600-க்கு இறக்கும் வேலைதான் பெரிது.

2011 பூகம்பத்துக்குப் பின் சுற்றுலா வரத்து சரிந்து, 2013-ல் தனியாக நிமிர முடியாது என்று கம்பெனியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2012-ல் தலைமைக்கு வந்திருந்தவர் தகெமோட்டோ கட்சுநோரி, வரிக் கணக்காளர். கணக்குப் புத்தகத்தின் நிலைமை தெரிந்தவர் ரயில் ஓட்ட வந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. 2014 ஜனவரி 11 அன்று 2000 வரிசை வண்டி ஒன்று கசகாமி குரோஹாயே ஸ்டேஷனருகே தடம்புரண்டது. ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வண்டிகள். ஒன்று படுத்ததும் சேவைகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. அப்போது சோஷி வணிக மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் இணையத்தில் நிதி திரட்டினார்கள். பழுதுபார்த்த வண்டி 2015-ல் மறுபடி தடமேறியது.

தகெமோட்டோவின் காலத்தில் ஸ்டேஷன் பெயரையே விற்கத் தொடங்கினார்கள். இதில் எனக்குப் பிடித்தது கசகாமி குரோஹாயே. ஒரு ஷாம்பு கம்பெனி உரிமை வாங்கி, உச்சரிப்பைக் கொஞ்சம் திருப்பி "கமிகே குரோஹாயே" என்று வைத்தது. "தலைமுடி கருப்பாய் முளைக்கும்" என்ற பொருள். 2018 ஆகஸ்டில் "மசுய் போ" என்ற சோளக் குச்சித் தின்பண்டம் வந்தது. மசுய் என்றால் ருசியில்லாத. நிலைமை மோசம் என்றாலும் மசுய்தான். மோசமாயிருப்பது எங்கள் கணக்கு வழக்கு, தின்பண்டம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே விற்றார்கள். மொத்த வருமானத்தில் பெரும்பங்கு, முக்கால்வாசிக்குப் பக்கத்தில், தின்பண்டத்தில்தான். இது எடுத்துக்காட்டான மாதிரி என்று மற்ற பாதைகளுக்கு யாராவது பரிந்துரைத்தால் நான் தயங்குவேன். நாட்டுக்கு ஒரு செம்பே ரயில் என்றால் வாங்குவார்கள். ஐம்பது வந்தால் வாங்க மாட்டார்கள்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: தோக்கியோ ஸ்டேஷனிலிருந்து "ஷியோசாய்" விரைவு வண்டியில் சோஷிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சோஷியில் டிக்கெட் கேட்டைத் தாண்டி வெளியே போகாதீர்கள். நீங்கள் வந்து இறங்கிய ஜேஆர் (பழைய தேசிய ரயில்வேயின் வாரிசு) பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்தால் அதே பிளாட்பாரத்தின் தொடர்ச்சியில் குட்டி வண்டி நிற்கும். ஜேஆரில் ஐசி கார்டு எனும் தட்டிப் பணம் கட்டும் அட்டையில் வந்திருந்தால் அங்கே இருக்கும் சின்ன கருவியில் தட்டி அந்தப் பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். மறந்தால் அடுத்த முறை கேட்டில் கார்டு மாட்டிக்கொள்ளும். சோஷி வண்டியில் கார்டு செல்லாது, கண்டக்டரிடம் சில்லறை கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டும். தோகாவா வரை 350 யென். நாள் சீட்டு 700 யென், போய் வந்தாலே காசு சரியாகிவிடும், நடுவில் ஓரிடத்தில் இறங்கினால் லாபம். டிரைவருக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். எதிர் வண்டிக்கு வழிவிடும் ஸ்டேஷன் கசகாமி குரோஹாயே. அங்கே இரு வண்டிகளும் நின்று, ஒற்றைத் தண்டவாளத்தில் போக அனுமதியான டோக்கனை மாற்றிக்கொள்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அதைத் தாண்டியதும் இருபுறமும் முட்டைக்கோசு வயல். செம்பே வாங்கக் கடைசி வரை காத்திருக்காமல் இனுபோவிலேயே இறங்குங்கள், கடை அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறது.